ஒரு வில்லை மைசூர்பாகும், ஒன்பது வீட்டு உபசாரமும்... தீபாவளியில் பல் தப்புவது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய இரவு. அடுப்படியில் கடைசி ஈடு முறுக்கு வெந்துகொண்டிருக்கிறது. "உப்பு சரியா இருக்கான்னு பாரு" என்று ஆளுக்கொரு துண்டு கைமாறுகிறது. ரவா லட்டு பிடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுக் குட்டிப் பையன், உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றபடியே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். "பாவம், எழுப்பாதீங்க. விடியக்காலம் மூணு மணிக்கு எண்ணெய் தேய்ச்சு விடணும்" என்கிறார் பாட்டி. அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால், பண்டிகை நாளில் பல்லுக்கு நேரும் பெரிய சேதம் மறுநாள் காலை இனிப்புத் தட்டில் தொடங்குவதில்லை. இந்தச் சோபாவில் தொடங்குகிறது. தூங்கும்போது வாயில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். பல்லைக் கழுவிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் காவல்காரனே எச்சில்தான். காவல்காரன் தூங்கப் போகும் நேரத்தில், கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் சர்க்கரையும் ரவையும் அப்பிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும்? ராத்திரி முழுக்க கிருமிகளுக்குத் தனி விருந்து.

பகலில் நான்கு லட்டு தின்றுவிட்டு ராத்திரி ஒழுங்காகப் பல் தேய்த்துப் படுக்கிற பையனைவிட, ஒரே லட்டைத் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போகிற பையனின் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம். எனவே, எழுப்புங்கள். அழுதாலும் பரவாயில்லை. தூக்கக் கலக்கத்தில் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாவது இரண்டு நிமிடம் தேய்த்துவிடுங்கள்.

சரி, பல்லில் அப்படி என்னதான் நடக்கிறது?

நம் பல்லின் மேல்பூச்சான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: அமிலம். பல்லின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நாக்கால் தடவினால் வழவழவென்று தட்டுப்படுமே, அதுதான். நாம் சர்க்கரை சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக்கிவிடும். அந்த அமிலம், எனாமலில் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை அடக்கி, கரைந்த தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டும். வாய் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கரைவதும் ஒட்டுவதும் தினமும் நடப்பதுதான். கரைவது மட்டும் நடந்து, ஒட்டுவதற்கு நேரமே கிடைக்காமல் போனால் அதற்குப் பெயர் சொத்தை.

இப்போது தீபாவளி நாளை மணிக்கணக்கில் எண்ணிப் பாருங்கள். நாலு மணிக்கு லேகியம். நாலரைக்கு ஒரு அதிரசம். ஆறு மணிக்கு காபி. ஏழுக்கு இட்லியோடு ஜாங்கிரி. எட்டரைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வருகிறது. பத்து மணிக்குப் பெரியப்பா வீடு, பதினொன்றுக்கு மாமா வீடு, நடுவில் வழியில் பார்த்த நண்பர் கையில் திணித்த பாதாம் பர்ஃபி. ஒவ்வொரு முறையும் சாப்பிட்டது 'ஒரே ஒரு வில்லை' மட்டும்தான். ஆனால் பல்லின் கணக்கில் அது வில்லை அல்ல, ஒரு மணி நேரம். காலை நாலு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை பல் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. அதே ஏழு வில்லையையும் மதியச் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் சாப்பிட்டிருந்தால், பல்லுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அடி ஒன்றே ஒன்று. (சர்க்கரை அளவும் இடுப்புச் சுற்றளவும் வேறு கதை. இங்கே பேச்சு பல்லைப் பற்றி மட்டும்தான்.)

'எவ்வளவு' என்பதைவிட 'எத்தனை தடவை' என்பதுதான் முக்கியம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சிக்கு ஒரு கசப்பான கதை உண்டு. 1945 முதல் 1953 வரை, ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் இருந்த விப்பேஹோல்ம் என்ற காப்பகத்தில் அது நடந்தது. அங்கே இருந்தவர்கள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படியே தயாரித்த டாஃபிகளைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரங்களில் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை சாப்பிட்டவர்களின் பல்லில் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. இடைவேளைகளில் டாஃபி தின்றவர்களின் பற்களோ வரிசையாகக் கெட்டுப்போயின. எதற்காகத் தருகிறார்கள் என்று புரிந்துகொண்டு சம்மதம் சொல்லும் நிலையில் கூட அவர்கள் இல்லை. மருத்துவ ஆராய்ச்சியில் செய்யக் கூடாதவற்றுக்கு உதாரணமாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த மனிதர்களின் பல்லைக் கொடுத்துத்தான் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்வீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்கிற பழக்கம் வேரூன்றியதற்குப் பின்னால் இருப்பதும் இந்த ஆராய்ச்சிதான்.

நம் ஊரில் சனிக்கிழமைக்கு மட்டும் மிட்டாய் என்றால் பேரன் பேத்திகள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம். ஆனால், தீபாவளியன்று இனிப்புக்கு நேரம் குறிக்கலாம். காலை டிபனோடு ஒரு முறை, மதியச் சாப்பாட்டோடு ஒரு முறை. வேண்டுமானால் மாலை காபியோடு இன்னொன்று. உறவினர் வீட்டில் நீட்டினால் மறுக்க முடியாது, உண்மைதான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் அத்தை, சாப்பாட்டோட சாப்பிடுறேன்" என்று ஒரு டிஷ்யூவில் மடித்து வாங்கிக்கொண்டால் எந்த அத்தையும் கோபித்துக்கொள்ள மாட்டார். அங்கேயே சாப்பிட்டே தீர வேண்டும் என்றால், உடனே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, வாயில் நன்றாகச் சுழற்றி விழுங்கிவிடுங்கள். கூல் டிரிங்ஸ் வேண்டாம். அதில் சர்க்கரையும் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது.

எது நல்லது, எது கெட்டது?

'நான் இனிப்பே தொடுறதில்லை. காரம் மட்டும்தான்' என்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. முறுக்கும் தட்டையும் மிக்சரும் அரிசி மாவும் கடலை மாவும்தான். மெல்ல மெல்ல அது பசை மாதிரி ஆகி, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அடைந்துகொள்ளும். எச்சிலில் உள்ள என்சைம் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். ஆக, நாக்குக்குக் காரம், பல்லுக்கு இனிப்பு. டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விட்டு விட்டு மிக்சர் கொறிப்பதும், விட்டு விட்டு ஜாங்கிரி தின்பதும் பல்லைப் பொறுத்தவரை பங்காளிகள்.

இன்னொரு நம்பிக்கை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் பல்லுக்குக் கெடுதல் செய்யாது என்பது. கிருமிகளுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் வெல்லத்தில் பெரும்பங்காக இருப்பதும் ஒரே சுக்ரோஸ்தான். அதிலும் அதிரசம், கடலை மிட்டாய், பொருளங்கா உருண்டை போன்றவை பல்லில் ஒட்டிக்கொண்டு நகர மறுப்பவை. அந்த வகையில் பார்த்தால், வாயில் வைத்ததும் கரைந்து ஓடும் நெய் மைசூர்பாகு, ஒட்டிக்கொள்ளும் எள்ளுருண்டையைவிடப் பல்லுக்குச் சாது. ரசகுல்லா, பால் பாயசம் வகையறாவும் வேகமாக வாயை விட்டு இறங்கிவிடும். தீபாவளி லேகியம் வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிடுகிறோம், சரி. அதிலும் வெல்லப்பாகு இருக்கிறது. சாப்பிட்ட கையோடு வெந்நீர் குடித்துவிடுங்கள்.

சாப்பிட்டதும் ஓடிப்போய்ப் பல் தேய்க்க வேண்டுமா? தேவையில்லை. குறிப்பாகக் கூல் டிரிங்ஸ், எலுமிச்சை ஜூஸ் மாதிரிப் புளிப்பானவற்றைக் குடித்திருந்தால், அமிலத்தில் லேசாக இளகியிருக்கும் எனாமலை பிரஷ்ஷால் தேய்ப்பது தேய்மானத்தைக் கூட்டும். அரை மணி நேரம் போகட்டும். அதுவரை தண்ணீரால் கொப்பளித்தால் போதும். காலையிலும் ராத்திரியும் என இரண்டு வேளை, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். பெரியவர்களுக்கு வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃப்ளோரைடு இருப்பது நல்லது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட். அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையாக வைப்பது கம்பெனிக்கு லாபம்.

நாம் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. தேய்த்து முடித்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுப் பத்து தடவை கொப்பளிப்பது. அப்படிச் செய்தால், பல்லின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடு மொத்தமும் வாஷ்பேசினோடு போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு, லேசாக வாயைத் துடைத்துக்கொண்டு படுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் ஒரு மாதிரியாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆறு வரை எண்ணுங்கள்

இப்போது அந்தச் சோபாப் பையனிடம் திரும்ப வருவோம். "பால்பல்தானே, விழுந்து முளைக்கத்தான் போகுது" என்று அவனைப் பற்றி வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தால் கெட்டுப்போகிற பற்களுக்குக் கணக்கே இல்லை.

ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். இவை முளைப்பதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. சத்தமில்லாமல் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதுவும் விழவில்லை என்பதால், பெரும்பாலான பெற்றோர் இதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இவை நிலைப்பற்கள். அறுபது வயதில் முறுக்கு கடிக்க வேண்டிய பற்கள் இவைதான். போனால் திரும்ப முளைக்காது. போதாக்குறைக்கு, இவற்றின் மேல்பரப்பில் பள்ளங்களும் வெடிப்புகளும் ஆழமாக இருக்கும். சின்னக் கை பிடித்த பிரஷ் அவ்வளவு பின்னால் போகவும் போகாது. பன்னிரண்டு வயதில் ரூட் கேனாலுக்கோ பல் பிடுங்கவோ வந்து நிற்கும் பிள்ளைகள் பலரிடமும் பழுதானது இந்தப் பல்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஆறேழு வயதுக் குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி, "ஆ" காட்டச் சொல்லுங்கள். இரண்டு முன்பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஐந்து வரை பால்பல்லாகவோ, அது விழுந்த இடமாகவோ இருக்கலாம். ஆறாவதாக ஒன்று இருந்தால், அது ஆயுள் முழுவதற்குமான பல். போன் டார்ச் வெளிச்சத்தில் அதன் மேல் கறுப்புப் புள்ளியோ, சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் திட்டோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தீபாவளி முடிந்ததும் முதல் வேலை பல் மருத்துவரைப் பார்ப்பதுதான். ஒன்றும் தெரியாவிட்டாலும், பள்ளங்களை மூடி வைக்கும் 'சீலன்ட்' பூச்சு போடலாமா என்று கேட்டுவிட்டு வரலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. ஏழெட்டு வயது வரை ராத்திரி பிரஷ் பெரியவர்கள் கையில் இருப்பதுதான் சரி. 'அவனே தேய்ச்சுக்குவான்' என்பது பெருமைக்கு நன்றாக இருக்கும், பின்பல்லுக்கு உதவாது.

பால்பல்லையும் அலட்சியப்படுத்த முடியாது. அதன் அடியில்தான் நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. பால்பல் சீழ் பிடித்தால் அதுவும் பாதிக்கப்படலாம். சீக்கிரமே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பிறகு வருகிற பல் கோணலாக முளைக்கும்.

தாத்தா, பாட்டி, கிளிப் போட்ட பிள்ளை

வயதானவர்களுக்கு ஈறு கீழிறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியும். வேரின் மேல் எனாமல் இல்லை. லேசான அமிலத்திலேயே கரையக்கூடியது அது. ரத்த அழுத்தம், அலர்ஜி, மன அழுத்தம் போன்றவற்றுக்கான மாத்திரைகளில் பல, எச்சிலையும் குறைக்கும். 'எனக்கென்ன, இனிமே பல்லு விழுந்தா விழுது' என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னாலும், அவர் வாய் காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் பிடிக்கும். ஈறு நோய் முற்றினால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால், தேய்ப்பதை நிறுத்துவதல்ல வழி, மருத்துவரிடம் காட்டுவதுதான்.

பல்செட்டு போட்டவர்கள் சீடையையும் தட்டையையும் அப்படியே கடிக்காமல், உடைத்துப் பின்பற்களால் மெல்ல வேண்டும். எள் பல்செட்டுக்கு அடியில் புகுந்துகொண்டால் ஈறு புண்ணாகிவிடும். கழற்றிக் கழுவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். கேப் போட்டவர்களுக்கு எதிரி அல்வாவும் ஜவ்வு மிட்டாயும். கேப் கழன்று வந்துவிட்டால் பத்திரமாக ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். ஃபெவிக்விக் போட்டு நீங்களே ஒட்டாதீர்கள். சிரிக்க வேண்டாம், செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கல்லூரிப் பெண்ணுக்குக் கிளிப் போட்டிருக்கிறதா? முறுக்கைத் தூளாக்கித் தயிர் சாதத்தில் போட்டுக் கொடுங்கள். கடலை மிட்டாய்க்கு இந்த வருடம் விடுமுறை.

தெருவில் விழுந்து பல் தெறித்தால்...

கம்பி மத்தாப்போடு ஓடும் பிள்ளைகள், மழையில் வழுக்கும் தெரு. பண்டிகை நாட்களில் முன்பல் உடைந்தோ, வேரோடு தெறித்தோ விழுவது நடக்கிறது. விழுந்தது நிலைப்பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்த முடியும். ஆனால் நேரம் மிகக் குறைவு. முதல் அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும்.

பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாக வெளியே தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சில நொடிகள் குழாய்த் தண்ணீரிலோ அலசுங்கள். தேய்க்காதீர்கள், சோப்பு போடாதீர்கள். பிள்ளை நினைவோடு தெளிவாக இருந்தால், பல்லை அதன் குழியிலேயே மெதுவாக வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லிப் புறப்படுங்கள். பயமாக இருந்தால், ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். வெறும் தண்ணீரிலோ, காய்ந்த கைக்குட்டையிலோ வைத்தால் வேரில் உள்ள செல்கள் செத்துவிடும். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் பல்லைக் குத்திவிடும். மயக்கம், வாந்தி, தலையில் அடி என்றால் பல்லை மறந்துவிட்டு முதலில் 108.

பண்டிகை இரவில் பல்வலி வந்தால் வேறு ஒரு பிரச்னை. கிளினிக்குகள் மூடியிருக்கும், பலர் சொந்த ஊரில் இருப்பார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். கன்னத்தில் வெளிப்பக்கமாகத் துணியில் சுற்றிய ஐஸை ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் இருக்கும்போது சூடான ஒத்தடம் வேண்டாம். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஒரு துளியைச் சமையல் எண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டு, பல்லில் மட்டும் வையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் மேல் வைத்து அழுத்துகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்குமே தவிர, வலியைத் தீர்க்காது.

மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தீபாவளி வருவது மழைக்காலத்தில்; அது டெங்குக் காலமும்கூட. பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி நிவாரணிகளைத் தொடாதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். போன தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்குவதும் வேண்டாம்.

எந்த வலியை மறுநாள் வரை தள்ளிப்போடலாம், எதைத் தள்ளக் கூடாது என்று தெரிந்திருப்பது அவசியம். ஐஸ்கிரீம் பட்டதும் சுரீரென்று வந்து உடனே மறைகிற கூச்சம் காத்திருக்கும். குளிர்ச்சியோ சூடோ பட்ட பிறகும் நிமிடக் கணக்கில் நீடிக்கும் வலி, படுத்தால் தெறிக்கும் வலி என்றால் பல்லின் நரம்பு வரை சங்கதி போய்விட்டது. ஓரிரு நாளில் பார்த்தே ஆக வேண்டும். தாடைக்குக் கீழே அல்லது கழுத்தில் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்... இதில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயையே அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும். 'தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்' என்று சொல்லக் கூடாத இடம் இது.

ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன், பாதியில் நிற்கும் ரூட் கேனாலை முடித்துக்கொண்டோ, குறைந்தபட்சம் தற்காலிகமாக அடைத்துக்கொண்டோ கிளம்புங்கள். பல் மருத்துவரின் நம்பர் போனில் இருக்கட்டும்.

தீபாவளி ஒரு நாள்தான், ஆனால் பலகார டப்பா இரண்டு வாரம் வீட்டில் இருக்கும். அடுப்படி மேடையில், குழந்தை எட்டிப் பிடிக்கிற உயரத்தில், பள்ளிவிட்டு வந்ததும் ஒன்று, வீட்டுப்பாடம் எழுதும்போது ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று கரைந்துகொண்டிருக்கும். டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது மட்டும் அது கீழே இறங்கட்டும். பாட்டிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை யார் பாட்டியிடம் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் மிச்சமிருக்கும் கேள்வி.